மைக்கே இல்லாத ஸ்பீக்கருக்குக் குரல் வசதி எங்கிருந்து வரும்?

வைஃபை ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை.

நான் வாங்கிய ஜோடி ஸ்பீக்கரின் விற்பனைப் பக்கத்தில் இரண்டு வாக்குறுதிகள் கொட்டை எழுத்தில் இருந்தன. கைப்பேசியில் தேர்ந்தெடுக்கும் பாட்டை வைஃபை வழியாக ஸ்பீக்கரில் ஓடவிடும் ‘காஸ்டிங்’ வசதி உள்ளேயே வரும். குரல் உதவியாளரும் வரும். இரண்டும் இலவச அப்டேட்டில். ஒலித்தரம் அருமை, அதில் குறை சொல்ல மாட்டேன். அப்டேட்தான் ‘விரைவில்’, ‘அடுத்த மாதம்’, ‘சோதனையில் இருக்கிறது’ என்று இழுத்துக்கொண்டே போய், பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிந்து வெகுநாள் கழித்து வந்து சேர்ந்தது.

ஸ்பீக்கரின் தலையில் ஒரு பொத்தான் உண்டு. முன்பெல்லாம் அதை அழுத்தினால் நாம் சேமித்து வைத்த வானொலி நிலையம் பாடும். அப்டேட்டுக்குப் பிறகு அழுத்தினால் என் கைப்பேசியில் இருக்கும் உதவியாளர் விழித்துக்கொள்கிறது. அதாவது, ஸ்பீக்கர் புளூடூத் வழியாகக் கைப்பேசியைத் தட்டி எழுப்புகிறது, அவ்வளவுதான். பேசுவதைக் கேட்பது கைப்பேசி. அது அடுத்த அறையில் சார்ஜில் கிடந்தால், ஸ்பீக்கர் முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் பதில் வராது. டார்ச் அடித்து மேல்மூடி முழுவதும் தேடினேன். மைக்குக்கான ஊசித்துளை ஒன்றுகூட இல்லை. பாட்டு ஓடும்போதே அறையின் மறுகோடியிலிருந்து வரும் குரலைப் பிடிக்க வேண்டுமானால் பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்ட மைக்குகள் வேண்டும். தான் பாடும் ஒலியைக் கழித்துவிட்டு நம் குரலை மட்டும் பிரித்தெடுக்கும் ஏற்பாடும் வேண்டும். மைக் எந்த அப்டேட்டில் முளைக்கும்?

காஸ்டிங்கில் செய்த வேலை இன்னும் நைச்சியமானது. உண்மையான காஸ்டிங்கில் கைப்பேசி எந்தப் பாட்டு என்று மட்டும் சொல்லும். ஸ்பீக்கர் அதை இணையத்திலிருந்து நேரடியாக எடுத்துப் பாடும். நமக்கு அழைப்பு வந்தாலும் பாட்டு நிற்காது. எனக்குக் கிடைத்ததோ நிறுவனத்தின் சொந்தச் செயலிக்குள் ‘காஸ்ட்’ என்று பெயர் ஒட்டிய ஒரு பொத்தான். செயலியை மூடினால் பாட்டும் படுத்துவிடுகிறது. யூடியூப் மியூசிக்கில் காஸ்ட் சின்னத்தைத் தொட்டால் வரும் பட்டியலில் என் ஸ்பீக்கர் இல்லை. வராது. கூகுள் காஸ்ட் கருவிகளுக்குள் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் பதிக்கப்பட்டிருக்கும்; அதைச் சரிபார்த்த பிறகே இணைப்பு கிடைக்கும். 2025 மார்ச்சில் அந்தச் சான்றிதழ் வரிசையில் ஒன்று காலாவதியானபோது கூகுளின் சொந்தத் தயாரிப்பான, ஸ்பீக்கரில் இணைக்கும் காஸ்டிங் கருவி குரோம்காஸ்ட் ஆடியோவே வேலை செய்யாமல் போனது. பிறகு கூகுள்தான் அப்டேட் அனுப்பிச் சரிசெய்தது. சொந்தப் பிள்ளைக்கே அந்தக் கதி என்றால், அங்கீகாரமே வாங்காத நிறுவனம் எந்த தைரியத்தில் ‘உள்ளேயே வரும்’ என்று எழுதியது?

போதாக்குறைக்கு, முன்பு ஒன்றாகப் பாடிக்கொண்டிருந்த இரண்டு ஸ்பீக்கர்களும் இப்போது ஒன்றையொன்று துரத்துகின்றன. பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லையாம். ரூட்டரை அணைத்துப் போடுங்கள், எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து அமையுங்கள் என்பதைத் தவிர வாடிக்கையாளர் சேவைக்கு வேறு மந்திரம் தெரியவில்லை.

தாமதமாக வரும் வசதியெல்லாம் மோசடி என்று சொல்லவில்லை. 2017 அக்டோபரில் சோனோஸ் நிறுவனத்தின் ‘சோனோஸ் ஒன்’ ஸ்பீக்கர், அமேசானின் குரல் உதவியாளரான அலெக்ஸாவுடன் வந்தது. கூகுளின் குரல் உதவியாளரான கூகுள் அசிஸ்டன்ட் அதில் 2018-இல் வரும் என்றார்கள், 2019 மே மாதம்தான் வந்தது. எரிச்சல்தான், ஆனால் அந்த ஸ்பீக்கரில் மைக்குகள் முதல் நாளிலிருந்தே இருந்தன.

ஆகவே கடையிலேயே பாருங்கள். மைக் துளைகளும் மைக்கை அணைக்கும் பொத்தானும் கண்ணில் படுகின்றனவா? ‘ஒர்க்ஸ் வித் அலெக்ஸா’ என்ற முத்திரையை நம்பி ஏமாறாதீர்கள். வேறொரு அலெக்ஸா கருவியைக் கொண்டு இதை இயக்கலாம் என்பதற்குத்தான் அது. காஸ்டிங்கைச் சோதிக்க, நிறுவனத்தின் செயலியைத் தொடாமல் உங்கள் இசைச் செயலியிலிருந்தே பாட்டைக் காஸ்ட் செய்துவிட்டுக் கைப்பேசியை முழுவதுமாக அணையுங்கள். பாட்டு தொடர்ந்து ஓட வேண்டும். ஸ்பாட்டிஃபை இசைச் செயலியின் சொந்த வசதியான ஸ்பாட்டிஃபை கனெக்ட்டும் இப்படித்தான் ஓடும், ஆனால் அது ஸ்பாட்டிஃபைக்கு மட்டும். எனவே வேறு செயலியில் சோதியுங்கள்.

விற்பனைப் பக்கத்திலிருந்து அந்த வாக்குறுதியைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டார்கள். வாங்கிய அன்று எடுத்த ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது. புதிய மாடலுக்குத் தள்ளுபடி தருகிறோம் என்கிறார்கள். முழுப் பணமும் வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். மேலே சொன்ன அடையாளங்களைப் பார்த்து இது எந்த ஸ்பீக்கர் என்று புரிந்துகொண்டவர்கள், இன்னும் அப்டேட் ஏறவில்லை என்றால், செயலியின் அமைப்புகளில் தானியங்கி அப்டேட்டை இன்றே அணைத்துவிடுங்கள்.