லூமெஸ் செல்கள்: ஹெர்பிஸ் ஆய்வுக்கு வாங்கலாமா?

உதட்டுக் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1 வைரஸ் நரம்பு செல்லுக்குள் எப்படிப் பதுங்குகிறது என்று பார்க்க, எலியின் நரம்புமுடிச்சுகளை வெட்டியெடுத்து வளர்ப்பதுதான் பழைய வழி. அதற்கு விலங்குக்கூடம் வேண்டும், நெறிமுறை அனுமதி வேண்டும், நுண்கத்திரி பிடித்துப் பழகிய கை வேண்டும். கோலாலம்பூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வகம் சின்னது, இதெல்லாம் கட்டுப்படியாகாது. அதனால்தான் தட்டிலேயே நரம்பு செல்லாக மாறக்கூடிய லூமெஸ் (LUHMES) செல்களை வரவழைத்தோம். என் கருத்து: வாங்கலாம், ஆனால் செல் வளர்க்கும் தட்டில், செல்கள் ஒட்டிக்கொள்ளப் பூச்சு போடப் பொறுமை இருந்தால் மட்டும்.

எட்டு வார மனிதக் கருவின் நடுமூளையிலிருந்து எடுத்து, செல்லைப் பிரியத் தூண்டும் வி-மிக் மரபணுவைச் சேர்த்து ஓயாமல் பெருக வைத்த செல்கள் இவை. டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சேர்த்தால் அந்த மரபணு அடங்கிவிடும். அப்புறம் செல் பிரிவதை நிறுத்தி, ஐந்தாறு நாளில் நீள நீளமாகக் கிளைவிட்டு நரம்பு செல்லாகிவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்ததே எல்லாச் செல்லும் ஒருசேர மாறும் இந்தச் சீர்மைதான். நரம்புப் புற்றுநோயிலிருந்து வந்த எஸ்.எச்-எஸ்.ஒய்5ஒய் (SH-SY5Y) செல்கள் இதைவிட வளர்க்கச் சுலபம். ஆனால் நரம்பு செல்லாக முதிர வைக்கும் ரெட்டினாயிக் அமிலம் கொடுத்த பிறகும் சில செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். பதுங்கிய வைரஸைத் தேடும் வேலைக்கு அது பெரிய தொல்லை.

ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் டேவிட் புளூமின் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வுதான் எங்களுக்கு வழிகாட்டி. முதலில் வைரஸ் பெருகாமல் தடுக்கும் அசைக்ளோவிர் மருந்து, அப்புறம் வைரஸ். மருந்தை எடுத்த பிறகும் பெரும்பாலான செல்கள் அமைதியாகவே இருக்கும். செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் பிஐ3கே (PI3K) நொதியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் வைரஸ் மறுபடி எழுந்துவிடும். பச்சையாக ஒளிரும் வைரஸைப் போட்டு, இருட்டாகக் கிடந்த தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை தெரிவதைப் பார்த்துவிட்டால், பட்ட பாடெல்லாம் மறந்துபோகும்.

பாடு என்றால் சாதாரணப் பாடு இல்லை. பாலி-ஆர்னிதின், ஃபைப்ரோநெக்டின் என்ற ஒட்டுப்பொருள்கள் இரண்டையும் பூசாமல் இந்தச் செல்கள் ஒட்டவே ஒட்டாது. பூசினாலும், முதிர்ந்த பிறகு மீடியாவை (செல் வளரும் ஊட்டத் திரவத்தை) அவசரமாக மாற்றினால் மொத்தப் பரப்பும் ஈர அப்பளம்போல ஓரத்திலிருந்து சுருண்டு வந்துவிடும். பாதி மீடியாவை மட்டும் எடுங்கள். புதியதைத் தட்டிலுள்ள குழியின் சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மீடியாவில் சேர்க்கும் வளர்ச்சிக் காரணிகளின் விலையும் சேர்ந்தால் மாதச் செலவு கையைக் கடிக்கும்.

இன்னொன்று முக்கியம். இவை டோபமின் சுரக்கும் நடுமூளை வகை. மனிதரில் இந்த வைரஸ் பெரும்பாலும் தங்குவது முகத்தின் உணர்வு நரம்புமுடிச்சில். அங்கே காவலுக்கு நிற்கும் டி-செல்களும் (நோயெதிர்ப்பு செல்கள்) இந்தத் தட்டில் கிடையாது. ஆகவே மருந்துகளை முதல் கட்டத்தில் சலித்துப் பார்க்க, வைரஸின் மரபணுக்கள் எப்படி அடங்குகின்றன என்று பார்க்க இது அருமை. உணர்வு நரம்புக்கே உரிய கேள்வி என்றால் எலி நரம்புமுடிச்சோ, ஸ்டெம் செல்லிலிருந்து ஆக்கிய உணர்வு நரம்போதான் சரி.

வரவழைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் பெட்டியைக் கொண்டுவந்தவர் வெள்ளிக்கிழமை மாலை கார்டு ஹவுஸில் (வாசல் காவலறையில்) வைத்துவிட்டுப் போய்விட்டார். நல்லவேளை, காவலர் உடனே கூப்பிட்டதால் உலர்பனி கரைவதற்குள் செல்கள் இருந்த குப்பி திரவ நைட்ரஜனுக்குப் போய்ச் சேர்ந்தது. திங்கள் அல்லது செவ்வாய் வந்து சேரும்படி கேளுங்கள், தீபாவளி, ஹரிராயா (ரமலான் பெருநாள்) வாரங்களில் வேண்டவே வேண்டாம்.