கே.டி.எச். வானா, கரவனா?

யாழ்ப்பாணத்தில், ஆடியில் நல்லூர்க் கொடியேற்றத்துக்குக் கனடா உறவுகள் வருமுன் வான் வாங்கத் துடிப்பவர்கள் ரொயோட்டா ஹைஏஸ் கே.டி.எச்., நிசான் கரவன் என்ற இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

அளவு: இரண்டின் சாதாரண வகையும் 4.7 மீற்றருக்குள் நீளம், 1.7 மீற்றருக்குள் அகலம். கொக்குவில் ஒழுங்கையில் இரண்டும் நுழையும்.

என்ஜின்: 2004இல் வந்த ரொயோட்டா ஹைஏஸ் கே.டி.எச்.சின் 2.5 லீற்றர் டீசல் என்ஜினில், வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட். அது அறுந்தால் வால்வுகளும் போய்விடும். பழைய வானின் கிலோமீற்றர் கணக்கை நம்பாதீர்கள். வாங்கிய வாரமே பெல்ட்டை மாற்றுங்கள். 2012இல் வந்த நிசான் கரவனின் 2.5 லீற்றர் டீசலில் அதே வேலைக்குச் சங்கிலி. பெல்ட் மாற்றும் கவலை இல்லை, எனக்கு மிகப் பிடித்த அம்சமும் இதுதான்.

உதிரிப்பாகம்: கே.டி.எச்.சுக்கு கொழும்பு போகும் வழியில் மாங்குளத்தில் பழுதாகி நின்றாலும் திருத்த ஆள் கிடைக்கும். கரவனுக்குத் தேட வேண்டும்.

விலை: கரவன் குறைவு, விற்கும்போதும் குறைவு.

கொழும்புக்கும் கதிர்காமத்துக்கும் அடிக்கடி ஓடுபவர்களும் வாடகைக்கு விடுபவர்களும் கே.டி.எச். எடுக்கலாம். குடாநாட்டுக்குள் குடும்பத்தோடு ஓடி, பத்து வருடம் வைத்திருக்கப்போகிறவர்களுக்குக் கரவன் போதும்.