பழஞ்சேலைக் கோதடி: கைத்தையலா, மிஷினா?

கோதடி, அதாவது பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் போர்வை, தைக்க அம்மாவின் பருத்திச் சேலைகளை வெட்டி வைத்தாயிற்று, மிஷின் மக்கர் பண்ணுகிறது, என்ன செய்வது என்று மும்பை மாதுங்காவில் இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். இங்கே மராத்திப் பெண்கள் கோதடியைக் கையால்தான் காலங்காலமாகத் தைக்கிறார்கள், அதனால் மிஷின் ஓடவில்லையே என்று வேலையை நிறுத்த வேண்டியதில்லை.

செலவு
கை: ஊசியும் கெட்டி நூலும் போதும்.
மிஷின்: ஊசி மாற்றினால் சரியாகிவிடும் என்றால் சில்லறைதான். மெக்கானிக் வந்தால் கூடும்.

நேரம்
கை: மாதக்கணக்கு.
மிஷின்: ஓடினால் சில நாள்.

பாடு
கை: விரல் வலிக்கும், அங்குஸ்தான் (விரல்நுனி உறை) போட்டுக்கொள்ளுங்கள்.
மிஷின்: அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கினால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத் திருகுகிறார்கள், பெரும்பாலும் கோளாறு மேல்நூலில்தான். அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்து நூலைக் கோர்க்க வேண்டும். இறக்கி வைத்துக் கோர்த்தால் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தகடுகளுக்கு நடுவே நூல் உட்காராது. தையல் விட்டு விட்டு விழுந்தால் புது 16 நம்பர் ஊசி போட்டு, துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் அடைந்த பஞ்சைத் தூரிகையால் எடுங்கள்.

உழைப்பு (எவ்வளவு நாள் தாங்கும்)
கை: நைந்த சேலையையும் மெதுவாகத் தாங்கும்.
மிஷின்: புதுத்துணிக்கு உறுதி, ஆனால் நைந்த துணியில் நெருக்கமான தையல் ஓடினால் அந்த வரியிலேயே கிழியும்.

அடிக்கடி துவைக்கும் பிள்ளைகள் படுக்கைக்கு, புதுத்துணி என்றால், மிஷினைச் சரிசெய்து தையுங்கள். அம்மாவின் சேலை என்றால் கையால்தான். நான் இன்றும் ஒரு வரி போட்டேன்.