உப்புத்தண்ணி டேங்குக்கு சிமெண்ட் ராக்: எந்தக் கலவை, எந்த க்யூரிங் தேறும்?

ரீஃப் டேங்குக்கு, அதாவது பவளம் வளர்க்குற உப்புத்தண்ணி டேங்குக்கு, பாறை வேணும்னா மூணு வழி இருக்கு. கடல்ல இருந்து ஈரம் காயாம வர்ற லைவ் ராக், நிலத்துல வெட்டி எடுக்குற டிரை ராக், இல்லைனா நாமளே சிமெண்ட்ல வார்க்குறது. என் முடிவை முதல்லயே சொல்லிடறேன், காசு மிச்சமாகும்ங்கிற ஒரே காரணத்துக்காக சிமெண்ட் ராக் பக்கம் போகாதீங்க, மிச்சமாகுற காசுக்கு பதிலா உங்க ரெண்டு மாசம் போயிடும். ஆனா பின்னாடி தண்ணி வழிஞ்சு ஃபில்டருக்குப் போற ஓவர்ஃப்ளோ பாக்ஸை மறைக்கிற மாதிரி ஒரு சுவரு, ரெண்டு தூணுக்கு நடுவுல ஒரு வளைவு, அடியில மீன் புகுந்து வர ஒரு குகைன்னு மனசுல ஒரு ஷேப் இருந்தா அதுக்கு சிமெண்ட்தான், வேற எதுவும் கிட்ட நிக்காது.

லைவ் ராக்ல பாக்டீரியா, பாறையில ஒட்டி வளர்ற ஊதா நிற கோரலைன் பாசி, குட்டி குட்டி பூச்சிங்க எல்லாம் கூடவே வரும், டேங்க் சீக்கிரம் செட் ஆகும். அதே பாறையில ஐப்டேசியாங்கிற தொல்லை பிடிச்ச கடல் சாமந்தி வரும், மான்டிஸ் இறால் வரும், பவளத்தை மேயுற நண்டும் வரும். வழியில செத்த உயிரெல்லாம் அழுகி அமோனியா ஏறுறது தனி. சர்வதேச வியாபாரத்துல இந்த லைவ் ராக், அழியுற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தத்தோட ரெண்டாவது பட்டியல்ல கல் பவளங்களோட சேர்ந்து வருது, அதனால பெர்மிட் சமாச்சாரமும் உண்டு. டிரை ராக்ல இந்த பூச்சித் தொல்லை எதுவும் இல்ல, ஆனா சில கல்லு உள்ள பிடிச்சு வச்சிருக்கிற, பாசிக்கு உரமாகுற பாஸ்பேட்டை மாசக்கணக்குல விட்டுக்கிட்டே இருக்கும், பாசி போகவே போகாது. அவசரம்னா நல்ல டிரை ராக் வாங்கி ஒட்டிக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

இப்போ சிமெண்ட் ராக்குக்குள்ளயே எந்தக் கலவைன்னு பார்ப்போம், பெரிய சண்டையே இங்கதான். பழைய முறை அரகோனைட்ங்கிற கால்சியம் கார்பனேட் மணலும் உடைச்ச பவளத் துண்டும் 4 அல்லது 5 பங்கு, போர்ட்லேண்ட் சிமெண்ட் 1 பங்கு. உறுதியா நிக்கும், ஆனா கனம் ஜாஸ்தி, உள்ள துளை கம்மி. நமக்கு துளை முக்கியம், ஏன்னா மேல்பரப்பு பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட் வரைக்கும் கொண்டு வரும், ஆக்சிஜன் இல்லாத உள் இடுக்குல இருக்கிற பாக்டீரியாதான் அந்த நைட்ரேட்டை வாயுவா வெளியேத்தும். கெட்டிக் கல்லுல அந்த ரெண்டாவது வேலை சரியா நடக்காது.

அதுக்குத்தான் கல்லுப்பு. சிமெண்ட் 1, பவளத் துண்டு இல்லைனா சிப்பி ஓட்டுத் தூள் 2, கல்லுப்பு 2, இது எனக்குப் பிடிச்ச விகிதம். ஊற வைக்கும்போது உப்பு கரைஞ்சு அந்த இடமெல்லாம் துளையாயிடும். ரெண்டு விஷயம் கவனிங்க: பொடி உப்பு வேண்டாம், கலக்கும்போதே கரைஞ்சு போயிடும். உப்பை கடைசியா போடுங்க. உப்பு அளவை ரொம்ப குறைச்சாலும் தப்பு, ஒரு உப்புக்கல்லு பக்கத்து உப்புக்கல்லைத் தொட்டாதான் தண்ணிக்கு வழி கிடைக்கும், தனித்தனியா சிமெண்டுக்குள்ள மாட்டிக்கிட்ட உப்பு கரையாது, அந்தத் துளையால எந்த பிரயோஜனமும் இல்ல.

தோட்ட மண்ணுல கலக்குற வெள்ளை லேசு கல்லு பெர்லைட்டைப் போடுறவங்களும் நிறைய பேர். கல்லு லேசா இருக்கும், செதுக்க சுலபம், ஆனா உதிர்ற துணுக்கெல்லாம் மேல மிதந்து பம்புக்குள்ள போகுது, அதனால எனக்கு பிடிக்கல. பாஸ்தா, அரிசி மாதிரி அழுகி துளை விடுற சாமான் வேண்டவே வேண்டாம், நாத்தம் தாங்காது, உள்ள மிச்சம் இருந்தா டேங்குக்குள்ள வந்து அழுகும்.

கிரே சிமெண்டா வெள்ளை சிமெண்டான்னு கேட்டா ரெண்டும் ஓடும். வெள்ளையில இரும்பு கம்மி, அதான் நிறம் வித்தியாசம், ஆரம்பத்துல பார்க்க அழகா இருக்கும், ஆனா பாசி ஏறினப்புறம் எது எதுன்னு தெரியாது. அதைவிட முக்கியம் மூட்டையில என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறது, பாலிமர், பூஞ்சை தடுப்பான், சீக்கிரம் செட் ஆகுற கெமிக்கல் எதுவும் கலக்காத சாதா போர்ட்லேண்டா இருக்கணும். உள்ள இரும்புக் கம்பி வைக்காதீங்க, உப்புல துருப்பிடிச்சு கல்லைப் பிளக்கும், பிவிசி பைப் போதும். கைக்கு க்ளவுஸ், மூக்குக்கு மாஸ்க் கட்டாயம், ஈர சிமெண்ட் தோலை அரிச்சிடும்.

தண்ணி கொஞ்சம் கொஞ்சமா விட்டு கலக்குங்க. கையில பிடிச்சா உருண்டை நிக்கணும், விரல் இடுக்குல தண்ணி வழியக்கூடாது. அந்தப் பதத்துல ஈர மணல் பரப்பின பெட்டியில அமுக்காம பொத்து பொத்துன்னு போட்டு விடணும், தட்டி சமப்படுத்தினா துளையெல்லாம் மூடிடும். குகை வேணும்ங்கிற இடத்துல ஈர மணலை மேடு கட்டி அது மேல போடுங்க, செட் ஆனதும் மணலை நோண்டி எடுத்துடலாம். அப்புறம் பிளாஸ்டிக் ஷீட்டால மூடி ரெண்டு மூணு நாள் நிழல்ல விடுங்க. வெயில்ல காய வைக்காதீங்க, சிமெண்ட் காஞ்சு இறுகுறது இல்ல, தண்ணியோட சேர்ந்துதான் இறுகுது, ஈரம் போச்சுன்னா கல்லு பொலபொலன்னு உதிரும்.

அடுத்தது க்யூரிங், அதாவது கல்லுல இருக்கிற காரத்தை டேங்க்ல போடுறதுக்கு முன்னாடி வெளியேத்துறது. சிமெண்ட் இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நம்ம சுண்ணாம்பு, உள்ள உருவாகுது. பவளத்துக்கு கால்சியம் கிடைக்க கால்க்வாசர்னு சுண்ணாம்புத் தண்ணியை டேங்க்ல சொட்டு சொட்டா விடுறோமே அதே சமாச்சாரம்தான், அளவா வந்தா நல்லது, பாறை முழுக்க ஒரே நேரத்துல கசிஞ்சா பிஎச், அதாவது தண்ணியோட அமில-கார அளவு, 8.2ல இருந்து எங்கயோ ஏறி மீனைக் கொன்னுடும். இதைப் போக்க சாதா தண்ணியில ஊற வச்சு மாத்துறது, வினிகர், வெந்நீர், கார்பன் டை ஆக்சைடு விடுறதுன்னு நாலு வழி சொல்றாங்க.

வினிகர் மேல்தோலை மட்டும்தான் சரி பண்ணும். அன்னைக்கு பிஎச் நல்லா காட்டும், ரெண்டு நாள் கழிச்சு உள்ள இருந்து கசிஞ்சு திரும்ப ஏறும், அதோட வினிகர்ல இருந்து மிச்சமாகுற அசிடேட் பாக்டீரியாவுக்கு தீனியாகி டேங்க் தண்ணி கலங்கவும் வாய்ப்பிருக்கு. வெந்நீர் வேகமா இழுத்துடும்னு தோணும், ஆனா சுண்ணாம்பு சூட்டுல கம்மியாதான் கரையும், 20 டிகிரி தண்ணியில லிட்டருக்கு 1.7 கிராம் கரையுறது 100 டிகிரியில 0.7 கிராம்தான், அதனால கேஸை வீணாக்க வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு உண்மையிலேயே வேலை செய்யும், சுண்ணாம்பை கால்சியம் கார்பனேட்டா மாத்திடும், ஆனா மேல இருந்து உள்ள போக அதுக்கும் நேரம் வேணும். சிலிண்டர் கையில இருக்கிறவங்க சாதா ஊறலோட சேர்த்து செய்யலாம்.

என் ஓட்டு சாதா தண்ணிக்குத்தான். பெரிய டப்பால முங்க வச்சு, முதல் வாரம் தினமும், அப்புறம் ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை தண்ணியை மாத்துங்க. ராத்திரி அசையாம விட்டா காலையில தண்ணி மேல வெள்ளையா மெல்லிசா ஒரு ஆடை கட்டியிருக்கும், விரல் வச்சா சில்லு சில்லா உடையும். கசிஞ்ச சுண்ணாம்பு காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடோட சேர்ந்து கட்டுறது அது. ஆடை கட்டுறது நிக்கிற வரைக்கும் பிஎச் பார்க்கவே வேண்டாம். சாதாரணமா நாலு வாரத்துல இருந்து எட்டு வாரம் ஆகும், பெரிய கட்டின்னா இன்னும் கூட.

ஆடை கட்டுறது நின்னதும் ரெண்டு பக்கெட்டுல ஒரே தண்ணி பிடிச்சு ஒண்ணுல கல்லு, இன்னொண்ணுல வெறும் தண்ணி, ரெண்டுலயும் காத்துக் குமிழி விடுற ஏர் ஸ்டோன் போட்டு ரெண்டு நாள் விடுங்க. டேங்க் தண்ணியில டெஸ்ட் பண்ணாதீங்க, அதுல இருக்கிற, பிஎச் மாறாம பிடிச்சு வைக்கிற ஆல்கலினிட்டி கசிவை மறைச்சிடும். ரெண்டு பக்கெட் பிஎச்சும் கிட்டத்தட்ட ஒண்ணா, 8.5க்கு கீழ இருந்தா கல்லு ரெடி. இறக்கும்போது மணலுக்கு முன்னாடியே அடிக் கண்ணாடி மேல உக்கார வச்சுடுங்க, மணல் மேல வச்சா மீன் தோண்டும்போது சரியும். சுத்தமான புதுக் கல்லுங்கிறதால பாக்டீரியா எதுவும் இருக்காது, பூச்சி இல்லாத தெரிஞ்ச டேங்க்ல இருந்து ஒரு சின்ன லைவ் ராக் துண்டு கூட போட்டு, அமோனியாவை நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா வளர்ற சைக்கிளை முடிச்சுட்டு அப்புறமா மீனை விடுங்க.