பத்து நிமிஷ வேலை என்றார்கள்

இந்த முறை ஊருக்குப் போனதில் மற்றதெல்லாம் வழக்கம்போலத்தான், எழுத ஒன்றுமில்லை. பையனின் நாக்கைப் பற்றி மட்டும் எழுதிவிடுகிறேன். எரிச்சல் இன்னும் தீரவில்லை.

அவனுக்கு நான்கு வயது. நாக்கை நீட்டச் சொன்னால் நுனி கூராக வராது, நடுவில் பள்ளம் விழுந்து நிற்கும். நாக்கின் அடிப்பக்கத்தைக் கீழ்வாயோடு பிடித்துக்கொண்டிருக்கும் சவ்வு குட்டையாக இருப்பதால் அப்படி. டங்-டை என்கிறார்கள். பாலர் பள்ளியில் "பேசுவது புரியவில்லை" என்று குறிப்பு எழுதி அனுப்பினார்கள். நாங்கள் வசிக்கும் வெளிநாட்டில் நடைமுறை உங்களுக்குத் தெரிந்ததுதான். குடும்ப மருத்துவர் கடிதம் எழுதுவார், அது இன்னொரு துறைக்குப் போகும், அந்தத் துறை "உங்கள் கடிதம் கிடைத்தது" என்று நமக்கு ஒரு கடிதம் போடும். அதோடு சரி. விடுமுறைக்குப் போகும்போது ஊரிலேயே காட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

முதலில் போனது ஒரு பல் கிளினிக். பெயர் வேண்டாம். காலையில் போன் செய்தேன், "மதியமே வாங்க மேடம்" என்றார்கள். கடிதம் இல்லை, காத்திருப்புப் பட்டியல் இல்லை. அந்த ஒரு நிமிஷம் ஊர் மேல் எனக்கு வந்த பாசத்தைச் சொல்லி முடியாது. மாதக்கணக்கில் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

பாசம் மதியம் வரைதான் நின்றது. டாக்டர் கையுறை போட்ட விரலால் நாக்கைத் தூக்கினார், டார்ச் அடித்தார், விட்டார். "கிளாஸ் த்ரீ. லேசர்ல இப்பவே பண்ணிடலாம் மேடம், பத்து நிமிஷ வேலை, ரத்தமே வராது" என்றார். கிளாஸ் த்ரீ என்பது சும்மா சொல்லிவிடுகிற விஷயமில்லை. காட்லோ என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1999-ல் கொடுத்த கணக்கு அது. நாக்கில் கட்டில்லாமல் அசையும் பகுதி 16 மி.மீ.க்கு மேல் இருந்தால் சாதாரணம், 3 முதல் 7 மி.மீ. வரை இருந்தால் கிளாஸ் 3. மில்லிமீட்டர் கணக்கு என்றால் அளக்க வேண்டும் அல்லவா? அளவுகோல் எதுவும் அவன் வாய்ப்பக்கம் வரவில்லை.

அதைவிட, அவனை ஒரு வார்த்தை பேசச் சொல்லவில்லை. நாங்கள் வந்ததே பேச்சு புரியவில்லை என்றுதான். பெயர் என்ன என்றுகூட அவனிடம் கேட்கவில்லை, அதற்குள் ரிசப்ஷனிலிருந்து அட்வான்ஸ் பற்றிப் பேச ஒரு பெண் உள்ளே வந்துவிட்டார்.

நான் கேட்க ஆரம்பித்தேன். நான்கு வயதுப் பையன் எப்படி அசையாமல் இருப்பான்? "ஜெல் தடவி ஒரு சின்ன ஊசி, அவ்வளவுதான். நீங்க கையைப் பிடிச்சுக்குங்க, சிஸ்டர் தலையைப் பிடிச்சுக்குவாங்க." அடிபட்டால் இவனுக்கு ரத்தம் நிற்க நேரமாகுமா, வீட்டில் யாருக்காவது அப்படி உண்டா என்றெல்லாம் கேட்க மாட்டீர்களா? "லேசர்ல அந்தப் பிரச்சினையே இல்ல மேடம்." கையெழுத்துப் போட ஒரு படிவம் தந்தார்கள். டிக் அடிக்க வேண்டிய கட்டங்களில் எல்லாம் ஏற்கெனவே டிக் இருந்தது. குழந்தையின் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற கட்டத்திலும்தான். லேசர் ஒளி கண்ணில் படாமல் இருக்கக் குழந்தைக்கு என்ன போடுவீர்கள் என்றேன். பெரியவர்கள் போடும் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். நழுவாமல் இருக்கப் பின்னால் ரப்பர் பேண்டு கட்டியிருந்தது.

அந்த ரப்பர் பேண்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். அம்மாவுக்குக் கோபம். "டாக்டரே சொல்லும்போது நீ என்னடி குறுக்கே பேசுற? வெளிநாடு போனா எல்லாத்துக்கும் கேள்வியா?" கேள்வி கேட்க வெளிநாடு போக வேண்டியதில்லை என்று வாய்வரை வந்தது. காரில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன். காரில் யாரும் பேசவில்லை.

அப்புறம் ஒரு ஆஸ்பத்திரியில் ஈ.என்.டி. டாக்டர். டோக்கன், கூட்டம், கூப்பிடும் பெயர் காதில் விழாத ஸ்பீக்கர், எல்லாம் நீங்கள் பார்த்ததுதான். காத்திருந்த நேரம் முழுக்கப் போனில் இதைப் பற்றித்தான் படித்தேன். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு உதவலாம் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். பிறந்த குழந்தைக்கு டங்-டை இருந்து, மார்பைச் சரியாகக் கவ்வ முடியாமல், தாய்க்கு வலியும் குழந்தைக்கு எடை ஏறாத கவலையும் இருந்தால் அந்தச் சவ்வைக் கத்தரியால் சின்னதாக வெட்டிவிடுவார்கள். ஃப்ரீனாட்டமி என்று பெயர். குழந்தையைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு சில நொடிகளில் செய்வது, முடிந்ததும் பால் கொடுக்கச் சொல்வார்கள். அதற்குமுன் ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே போட்டார்களா, ரத்தம் உறைவதில் கோளாறு உண்டா என்று பார்க்க வேண்டும். இரண்டொரு நாளில் நாக்கடியில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் பயப்படாதீர்கள், சீழ் இல்லை, ஆறுகிற புண்தான்.

ஆனால் சவ்வு கண்ணில் பட்டாலே வெட்டுவதற்கு ஆதாரம் கிடையாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு ஐந்து சோதனைகளை, மொத்தம் 302 குழந்தைகளை எடுத்துப் பார்த்தது. தாயின் வலி கொஞ்ச காலத்துக்குக் குறைகிறது, குழந்தை பால் குடிப்பது மேம்படுகிறதா என்பதில் ஒரே மாதிரி முடிவு வரவில்லை என்றது. பிரேசிலில் 2014-ல் சட்டமே போட்டுப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் நாக்கையும் சோதிக்கச் சொல்லிவிட்டார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையோ, முதலில் பாலூட்டும் முறையைச் சரிசெய்து பாருங்கள் என்கிற பக்கம் நிற்கிறது. கத்தரியைவிட லேசர் மேல் என்பதற்கும் நல்ல ஆதாரம் இல்லை. கிளினிக் வாசலில் இருந்த போர்டின் அளவைப் பார்த்தால் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள்.

ஈ.என்.டி. டாக்டர் அதிகம் பேசவில்லை. இந்த வயதில் செய்வதானால் முழு மயக்கம் கொடுத்து, சவ்வை விடுவித்துத் தையல் போடுவேன், ஆனால் ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்து எழுதித் தராமல் கத்தியைத் தொட மாட்டேன் என்றார். காது கேட்கும் திறனையும் சோதித்துவரச் சொன்னார். பேச்சு தெளிவில்லை என்றால் நாக்குக்கு முன்னால் காதைப் பார்க்க வேண்டுமாம். காது நன்றாகத்தான் இருந்தது.

ஸ்பீச் தெரபிஸ்ட் அறை இரண்டாவது மாடியில், ஸ்டோர் ரூமைத் தாண்டி. போர்டு கிடையாது. சின்ன வயதுப் பெண். ஏமாற்றமாகத்தான் உள்ளே போனேன். அவர் தரையில் உட்கார்ந்தார், பையனையும் எதிரில் உட்கார வைத்தார். "தம்பி, மேல் உதட்டை நக்கிக் காட்டு. இப்ப இந்த ஓரம். இப்ப அந்த ஓரம்." கடைவாய்ப் பல்லை நாக்கால் தொடச் சொன்னார். எல்லாம் ஓரளவு வந்தது, மேல் உதடுதான் கஷ்டப்பட்டது. பிறகு படங்கள். நிலா என்றான், சரியாக. பல், தலை, நாய், எல்லாம் சரி. காக்கா படத்தைக் காட்டினார். "தாத்தா" என்றான். சுவரோரம் உட்கார்ந்திருந்த என் அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"இன்னொரு தடவை சொல்லு?" "தாத்தா." கண், தண் ஆனது. குரங்கு, துரந்து. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுதினார், எழுதி முடித்து என்னிடம் திரும்பினார். "மேடம், 'ல', 'த', 'ந' இதெல்லாம்தான் நாக்கு நுனி மேலே போய்ச் சொல்ல வேண்டிய சத்தம். அது எல்லாம் இவனுக்கு வருது. வராதது 'க'. அது நாக்கோட பின்பக்கம் மேலண்ணத்தைத் தொட்டு வர்ற சத்தம். முன்னாடி இருக்கிற சவ்வை வெட்டினா இது எப்படிச் சரியாகும்?"

பள்ளியில் குறிப்பு எழுதியவர், குடும்ப மருத்துவர், லேசர் டாக்டர், யாருக்கும் இது தோன்றவில்லை. 'க'வுக்குப் பதில் 'த' சொல்வது சின்னக் குழந்தைகளிடம் சாதாரணமாம். பெரும்பாலோர் மூன்று, மூன்றரை வயதில் அதைத் தாண்டிவிடுவார்கள், இவன் தாண்டவில்லை. பயிற்சியில் சரியாகும் என்றார். டங்-டை இருப்பது உண்மைதான், ஆனால் அதனால் பேச ஆரம்பிப்பது தள்ளிப்போகும் என்று சொல்ல முடியாது, சில சத்தங்களில் மட்டும் இடிக்கலாம், இடித்தாலும் பல குழந்தைகள் வேறு விதமாகச் சமாளித்துவிடும் என்று விளக்கினார்.

'ழ' வரவில்லையே என்றாள் அம்மா, விடாமல். "வீட்டில் யார் 'ழ' சொல்றீங்க?" என்று கேட்டார். எல்லோரும் என் கணவரைப் பார்த்தோம். அவர் வாயில் மழை எப்போதுமே மளைதான். 'ர'வும் 'ழ'வும் நிறையக் குழந்தைகளுக்குக் கடைசியில்தான் வரும், அதுவும் வெளிநாட்டில் வளர்கிற பிள்ளை காதில் விழாத சத்தத்தை எங்கிருந்து சொல்லும் என்றார் தெரபிஸ்ட். எனக்குப் பிடித்தது இதுதான். நாங்கள் வசிக்கும் நாட்டில் இதைவிட நல்ல அறை, நல்ல பொம்மை, நல்ல நாற்காலி எல்லாம் கிடைக்கும். ஆனால் ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பார்கள். வீட்டில் பேசும் மொழியிலும் அவன் எப்படித் தடுக்குகிறான் என்று யார் பார்ப்பது? இவர் இரண்டிலும் பார்த்தார். ஆங்கிலத்திலும் 'கார்' அவனுக்கு 'டார்' தான். இரண்டு மொழியிலும் ஒரே இடத்தில் விழுகிறான் என்று காட்டியபோது எனக்கே தெளிவாகிவிட்டது.

வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் நிறுத்தி 'க்' சொல்ல வேண்டும், அதுதான் முதல் பயிற்சி. பல் இடுக்கை நாக்கால் துழாவ முடியாமல் உணவு தங்குகிறதா என்று மட்டும் கவனிக்கச் சொன்னார், அந்தத் தொந்தரவு வந்தால் ஈ.என்.டி. டாக்டரிடம் திரும்பப் போகலாம். அவசரமில்லை.

லேசர் கிளினிக்கிலிருந்து இன்னும் மெசேஜ் வருகிறது, சலுகையாம். ஸ்பீச் தெரபிஸ்ட் எழுதித் தந்த அறிக்கையை இங்கே வந்ததும் குடும்ப மருத்துவரிடம் கொடுத்து, அறுவை சிகிச்சைப் பட்டியலிலிருந்து பையன் பெயரை எடுத்துப் பேச்சுப் பயிற்சிப் பட்டியலில் போடச் சொன்னேன். அவர் கணினியைப் பார்த்துவிட்டு, அந்தப் பட்டியல் இதைவிட நீளம் என்றார்.