கூரைத் திறப்புக்குத் தடுப்புக் கம்பி போட்டு நான்கு ஆண்டுகள்: கம்பியில் குறையில்லை, கதவுதான் உயிரை எடுக்கிறது

கூரைத் திறப்பைச் சுற்றி மாட்டும் தடுப்புக் கம்பித் தொகுதியின் விலையைக் குறைத்திருக்கிறார்கள், வாங்கலாமா என்று மடிப்பாக்கத்தில் இருக்கும் நண்பர் கேட்டிருந்தார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. அதே தொகுதியின் கதவுக்கு மூன்றாவது முறையாக ஸ்பிரிங் மாற்றிவிட்டு, கையில் துருக்கறையோடு அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கியிருந்தேன்.

திருவான்மியூரில் எங்கள் அடுக்ககத்தின் படிக்கட்டு அறைக்கு மேலேதான் தண்ணீர்த் தொட்டியும் சூரிய மின் தகடுகளும் இருக்கின்றன. அறைக்குள் சுவரோடு பதித்த இரும்பு ஏணியில் ஏறி, கூரையில் விட்டிருக்கும் இரண்டரைக்கு மூன்று அடித் திறப்பு வழியாகத்தான் அங்கே போக வேண்டும். நாங்கள் இதை வாங்கக் காரணம், தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்த பையன் குழாயை இழுத்தபடி பின்னால் நகர்ந்து நகர்ந்து, திறந்து கிடந்த துவாரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றதை நான் கீழேயிருந்து பார்த்ததுதான். கத்தினால் திடுக்கிட்டு இன்னும் ஓர் அடி வைத்துவிடுவானோ என்று வாயைத் திறக்கவும் பயமாக இருந்தது. அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, ஆபத்தாகக்கூடிய தரைத் திறப்புகளை உறுதியாக மூட வேண்டும் அல்லது வேலியிட வேண்டும் என்றது. அடுக்ககம் தொழிற்சாலை இல்லை என்பதால் எங்களை யாரும் கேட்கவில்லை, நாங்களும் அதுவரை யோசிக்கவில்லை.

2021 அக்டோபரில் மாட்டினோம். கம்பிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. துத்தநாகப் பூச்சு உப்புக் காற்றில் மங்கியிருக்கிறதே தவிர எங்கும் துரு இல்லை. திறப்பைச் சுற்றியுள்ள குட்டையான சுவரைப் பிடித்து இறுக்கும் கவ்விகள் என்பதால் தளத்தில் துளை போட வேண்டியிருக்கவில்லை. தட்டோட்டைக் குடைந்துவிட்டு மழைக்காலத்தில் ஒழுகலைத் தேடி அலைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நான் எதிர்பாராத நன்மை தொகுதியோடு வந்த இழுப்புக் கம்பத்தில் கிடைத்தது. ஏணியின் மேற்படிகளோடு பொருத்திய ஒற்றைக் கம்பம் அது. கீழே நின்று இழுத்தால் திறப்புக்கு மேலே மூன்றரை அடி எழும்பிப் பூட்டிக்கொள்ளும். ஏணியில் ஆபத்தான இடம் நடுப்பகுதி இல்லை, பிடிக்க எதுவும் இல்லாத கடைசி இரண்டு படிகள்தான். முன்பெல்லாம் அந்த இடத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் சித்திரை வெயிலில் கொதிக்கும் ஓட்டின்மேல் ஊன்றி, ஒரு முட்டியை விளிம்பில் ஏற்றி, தவழ்ந்துதான் வெளியே வருவோம். இறங்கும்போது, கண்ணுக்குத் தெரியாத படியைக் காலால் துழாவுவோம். இப்போது கம்பத்தைப் பிடித்தபடி நிமிர்ந்தே வெளியேறுகிறேன். ஐம்பத்தெட்டு வயதில் இது சாதாரண விஷயம் இல்லை. நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட அது சிக்கியதில்லை.

இனி, கம்பிகளுக்கு நடுவே ஏணிக்குப் போகும் வழியில் இருக்கும் கதவுக்கு வருகிறேன். அது திறப்பை விட்டு வெளிப்பக்கமாக மட்டுமே திறக்கும், விட்டால் தானே மூடிக்கொள்ளும். அதுதான் சரியான முறை என்று எனக்கும் தெரியும். உட்பக்கம் திறக்கும் கதவில் ஒருவர் சாய்ந்தால் நேராகக் கீழேதான் போவார். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிகளும் 42 அங்குல உயரக் கம்பியைச் சொல்வதோடு நிற்காமல், ஏணித் திறப்பின் நுழைவில் தானே மூடும் கதவோ, நேராக நடந்து உள்ளே விழுந்துவிட முடியாத வளைவு வழியோ வேண்டும் என்கின்றன. கதவுக்குப் பதில் சங்கிலி போட்டால் மாட்டுவதற்கு ஆள் வேண்டும், வேலையாட்கள் யாரும் மாட்டுவதில்லை. இவ்வளவும் நியாயம். ஆனால் இறங்குவதற்காகக் கதவைத் தன் பக்கம் இழுத்து, உள்ளே நுழைந்து, ஏணியைப் பார்த்துத் திரும்பும் அந்த ஒரு நொடியில் அது வந்து முழங்கையில் இடிக்கிறது. கையில் வாளி இருந்தால் வாளியில் இடிக்கிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த இரவு முழுவதும் அது திறந்து திறந்து அறைந்ததில், மேல்தளத்து அம்மா காலையில் என்னிடம் பேசவே இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கம்பிக்கு நல்ல பூச்சுக் கொடுத்தவர்கள் கீலுக்குள் சாதாரண ஸ்பிரிங்கை வைத்திருக்கிறார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கடற்காற்றில் அது ஓராண்டு, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டு தாங்குகிறது. பிறகு கதவு பாதியில் நின்றுவிடுகிறது. பாதி திறந்த கதவைத் தொட்டி கழுவ வருபவர் இடைஞ்சல் என்று கட்டுக்கம்பியால் முழுவதும் திறந்தே கட்டிவிடுகிறார். ஸ்பிரிங் தனியாகக் கிடைக்காது, கதவையே மாற்ற வேண்டும் என்றது விற்ற நிறுவனம். முதல் இரண்டு முறையும் பட்டறையில் தேடிப் பிடித்த ஸ்பிரிங்கும் இரும்புதான். இந்த முறை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் முறுக்கி வாங்கினேன், முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. முந்நூறு ரூபாயை மிச்சம் பிடித்த கெட்டிக்காரர்களுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு.

நண்பருக்கும் வாங்க வேண்டாம் என்றுதான் முதலில் எழுதினேன். இப்போது உங்கள் திறப்பைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பிறகு கேட்டபோது, ஒன்றும் இல்லை, வேலை நடக்கும்போது பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைப்போம் என்றார். அப்படியானால் இந்த வாரமே வாங்குங்கள், மாட்டும் அன்றே அந்த ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு போடுங்கள், அளவை நான் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மதிப்பெண்ணை மட்டும் மாற்றுவதாக இல்லை.