பணத்தைப் புத்தகத்தில் போடுவதா, ஆசிரியரின் நேரத்திலா?

திறந்த பாடநூல்களுக்கு, அதாவது யாரும் இலவசமாகப் படிக்கவும் பகிரவும் உரிமம் தரப்பட்ட நூல்களுக்கு, மாற நினைக்கும் கல்லூரிக்கு மூன்று வழிகள் உண்டு: இருக்கும் நூலை அப்படியே எடுப்பது, திருத்தி எடுப்பது, புதிதாக எழுதுவது.

அப்படியே எடுப்பதுதான் மலிவு. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் திட்டம் 2012 முதல் வெளியிடும் திறந்த நூல்கள் முதலாண்டுப் பாடங்களில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். ஆனால் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பாடத்திட்டத்தில் '5ஆம் அத்தியாயம், 12ஆம் கணக்கு' என்றிருக்கும் ஒவ்வொரு வரியையும் ஆசிரியர்தான் உட்கார்ந்து மாற்ற வேண்டும். பதிப்பகம் நூலோடு தந்த, விடைகளைத் தானே திருத்தும் மென்பொருளும் கையைவிட்டுப் போகும். ஆசிரியர்கள் தயங்குவது பெரும்பாலும் இதற்குத்தான்.

புதிதாக எழுதுவதில் ஆசை அதிகம். எழுதுவது, படம் வரைவது, சரிபார்ப்பது என்று காலமும் பணமும் கரையும். அப்புறம் பிழை திருத்த ஆள் இருக்காது. வேறு நூலே இல்லாத பாடத்துக்கு மட்டும் இதைச் செய்யலாம்.

என் ஓட்டு திருத்தி எடுப்பதற்கே. இதில் கவனிக்க வேண்டியது உரிமம். ஓப்பன்ஸ்டாக்ஸ் கால்குலஸ் நூலுக்கு வணிகத் தடை உண்டு, அதாவது அதை வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது. திருத்தியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். விக்கிப்பீடியாவின் உரிமத்தில் வணிகத் தடை கிடையாது; ஆனால் அதுவும் திருத்தியதைத் தன் உரிமத்திலேயே வெளியிடச் சொல்கிறது. அதனால் இரண்டையும் கலந்து ஒரே திருத்திய நூலாக வெளியிட முடியாது. எழுதி முடித்த பிறகு இது தெரியவந்தால் உழைப்பு வீண். நூலகரை முதல் நாளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

சரி, பணம்? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழகம் 2011இல், இப்படி மாறும் ஆசிரியர்களுக்குச் சிறு மானியம் தரத் தொடங்கியது. அதே நாட்டின் டைட்வாட்டர் சமுதாயக் கல்லூரி 2013இல் வணிக நிர்வாகப் படிப்பு முழுவதையுமே பாடநூல் செலவில்லாமல் படிக்கும்படி மாற்றியது. முதலாவதைச் சீக்கிரம் தொடங்கலாம். ஆனால் மானியம் வாங்கியவர் வேறு கல்லூரிக்குப் போனால் பாடம் பழைய நூலுக்கே திரும்பிவிடக்கூடும். இரண்டாவதற்குத் துறையில் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும், நாளாகும். ஆனால் மாணவருக்குச் சேரும்போதே தெரிந்துவிடும், இந்தப் படிப்பு முடியும்வரை புத்தகத்துக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை என்று. அந்த நிம்மதியை ஒற்றைப் பாடத்தால் தர முடியாது.

கைவசம் இருப்பது சிறு தொகைதான் என்றால், அதிக மாணவர்கள் படிக்கும் ஒரு பாடத்தில் தொடங்குங்கள். மானியத்தைத் தனி ஆளுக்குத் தராமல் துறைக்குக் கொடுங்கள். அதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நூலைப் புதுப்பிக்க ஒதுக்கி வையுங்கள்.